சூடானால் கரகரப்பு

ஆகஸ்ட் 9, 1979. வியாழன்

மத்தியானம் போன கரண்ட் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தது. வந்ததும் கேயாவுக்குப் பாடம். கேயா பின் தெருப் பெண். துர்க்கை பூஜைக்குள் அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் கிடாரில் இரண்டு பாட்டாவது தடங்கல் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று அவள் அம்மா உத்தரவு. நம் ஊரில் சொஜ்ஜி பஜ்ஜி, கல்கத்தாவில் ஹவாயன் கிடார். மடியில் கிடத்திக்கொண்டு, இரும்புக் கட்டையை நரம்பின் மேல் வழுக்க விட்டு... நானும் அப்படிக் கற்றுக்கொண்டவள்தான். காளிகாட்டில் எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் வாசித்தார்கள், நானும் வாசித்தேன். என்னைப் பார்க்க வந்தவர் பாட்டைக் கேட்கவில்லை. “இந்த ஆம்ப்ளிஃபையர்ல எத்தனை வால்வு?” என்று கேட்டார். அவருக்கே கழுத்தை நீட்டினேன்.

அதே ஆம்ப்ளிஃபையர்தான் இன்றைக்குப் பாடத்தின் பாதியில் கரகரக்க ஆரம்பித்தது. தடித்த நரம்பைத் தொட்டால் தொண்டை கட்டினவர் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். தன் தப்போ என்று கேயா விழித்தாள். உன் தப்பில்லை, பெட்டிக்கு வயசாகிறது என்றேன்.

எனக்கும்தான்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஃபாக்டரி கேட்டில் பூட்டுத் தொங்க ஆரம்பித்து மழைக்காலமும் வந்துவிட்டது. லாக்-அவுட் என்றார்கள், பேச்சுவார்த்தை என்றார்கள், இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

இவர் அங்கே டெஸ்டிங் செக்ஷன் ஃபோர்மேன். ஒவ்வொரு மின்விசிறியும் இவர் காதைத் தாண்டித்தான் வெளியே போகும். ஓடுகிற விசிறியின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்வார். இப்போது எங்கள் வீட்டு விசிறி கிறீச் கிறீச் என்கிறது. அதன் கீழேயே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். எழுந்து ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோன்றவில்லை. சவரம் செய்வதில்லை. கேட்டதற்கு ‘ம்’, கேட்காததற்கும் ‘ம்’.

சாயங்காலம் கோபு வந்தான். இவர் ஃபாக்டரியில் காயில் சுற்றுகிறவன், திருச்சிக்காரப் பையன், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பெயிண்ட் ஷாப்பில் ஒருவர் பாலிகஞ்ச் பக்கம் ரயில் தண்டவாளத்தில் போய் நின்றுவிட்டாராம். இவர் அதற்கும் ‘ம்’ என்றார்.

அந்த ‘ம்’ எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் இருக்கிற டாக்குரியாவில் ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் ஏரி. தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். திரும்பி வருகிற செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்கிற வரைக்கும் எனக்கு வேலை ஓடுவதில்லை.

ஆகஸ்ட் 14

இன்றைக்கும் பாடம் பாதியில் கரகரப்பு. உள் அறையிலிருந்து குரல் வந்தது: “யாரு அதை இப்படிக் கத்த விடறது?”

“தானாத்தான் கத்துது. யாரும் விடலை” என்றேன்.

பாடம் முடிந்ததும் வந்து பெட்டியின் முன் குந்தினார். பின்பக்கத்துப் பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்டார். இத்தனை நாளில் அவராகக் கேட்ட முதல் பொருள் இது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் என்று ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

பெட்டி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் குடல் வெளியே தெரியப் படுத்திருக்கிறது. தாண்டித்தான் போக வேண்டும். எரிகிற வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். கெட்டுப்போன வால்வு என்றால் தட்டினதும் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று காட்டிக் கொடுக்குமாம். ஒன்றும் கொடுக்கவில்லை. சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு வால்வு வாங்கி வந்து முதலில் ஒன்றை மாற்றினார். பகலில் மாற்றி, ஐந்து நிமிஷம் என்னை வாசிக்கச் சொன்னார். தேனாக இருந்தது. சாயங்காலம் கேயா வந்தாள், கரகரப்பும் கூடவே வந்தது.

“ஒவ்வொண்ணாத்தான் மாத்தணும்” என்றார். “ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாமப் போயிடும்.”

ஒரு முழு வாக்கியம். இரண்டு முழு வாக்கியம்.

ஆகஸ்ட் 23

இன்று சவரம் செய்துகொண்டார். சாவித்திரி காலேஜிலிருந்து வந்ததும் “பாபா தாடி கேட்டேச்சே” என்று என் காதைக் கடித்தாள். அப்பா தாடியை எடுத்துவிட்டாராம். என் பெண்ணுக்குச் சந்தோஷம் வந்தால் வங்காளம்தான் வரும்.

ஆகஸ்ட் 26

கீழ் வீட்டு மாசிமா மாடிக்கு வந்தாள். வீட்டுக்காரர் நந்தி பாபுவின் மனைவி. நல்ல மனுஷிதான், ஆனால் மனதில் பட்டது நாக்கில் வந்துவிடும். இவர் பெட்டியைக் குடைவதைப் பார்த்துவிட்டு, “உனக்குத்தான் இவ்வளவு தெரிகிறதே, நம் பாராவில், இந்த நாலு தெருவில், வீட்டுக்கு வீடு ரேடியோ ரிப்பேர் இருக்கிறது, வாசலில் ஒரு பலகை மாட்டேன்” என்றாள்.

இவர் சிரித்தார். அவள் போன பிறகு, “பலகை மாட்டிட்டா அப்புறம் ஃபாக்டரி தொறக்காதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்றார்.

செப்டம்பர் 2, ஞாயிறு

ஸ்பீக்கர் மேல் சந்தேகம். காகிதக் கூம்பை இரண்டு கை விரலாலும் மெல்ல அமுக்கிப் பார்த்தார், குழந்தை வயிற்றை டாக்டர் அமுக்கிப் பார்க்கிற மாதிரி. எங்கேயும் உரசவில்லை. இருந்தும் எங்கள் ரேடியோவின் ஸ்பீக்கரைப் பிடுங்கி இதில் கட்டினார். பகலில் தேன். சாயங்காலம் கரகர. இப்போது வீட்டில் ரேடியோவும் இல்லை.

செப்டம்பர் 6

“சாயங்காலம் மட்டும்தானே வருது? அப்ப அது வோல்டேஜ்தான்” என்றார், அடுப்பில் நான் தாளித்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஞானம் கிடைத்தவர் போல. ஊர் முழுக்க விளக்குப் போடுகிற நேரத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தால் இருநூறு கூட இல்லை. கீழே போய் மாசிமாவின் ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஃபிரிட்ஜில் இலிஷ் மீன் இருந்ததாம். நேரம் போகப் போக மாசிமா படிக்கட்டில் நின்று மீனுக்காகக் குரல் கொடுத்தாள்.

வோல்டேஜ் சரியானதும் கரகரப்பு குறைந்தது. போகவில்லை. கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு மெதுவாக உள்ளே வந்தது. இவர் முகமும் மெதுவாக விழுந்தது.

செப்டம்பர் 9, ஞாயிறு

நந்தி பாபு கூப்பிட்டனுப்பினார். அவர்தான் பாரா பூஜை கமிட்டிச் செயலாளர். பூஜை முடிந்து நடக்கும் பிஜோயா சம்மிலனிக் கூட்டத்தில் இந்த வருஷம் நான் அரை மணி நேரம் வாசிக்க வேண்டுமாம். “நமது பாராவின் மதராஸி தீதி” என்று மைக்கில் சொல்லப் போகிறாராம். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் வாசிக்கிறேன், இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது போலும்.

ஆசையாக இருக்கிறது. ஒளிப்பானேன்? ஆனால் இந்தப் பெட்டியோடு மேடை ஏறினால் பாரா முழுக்கச் சிரிக்கும். கேயா மாதிரிப் பெண்கள் ஜோத்பூர் பார்க்கில் புதிதாக ஆரம்பித்திருக்கிற வாத்தியாரிடம் போய்விடுவார்கள். இப்போது அடுப்பு எரிவதே அவர்களால்தான்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இவரிடம் சொன்னதும், “அதுக்குள்ள முடிச்சிடலாம்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

செப்டம்பர் 12

சண்டை. எழுதவே பிடிக்கவில்லை.

இரண்டு பெண்கள் பாடத்துக்கு வந்திருந்தார்கள். பெட்டி தரையில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. திருப்பி அனுப்பினேன். அனுப்பிவிட்டு உள்ளே வந்து... ஏன் அப்படிப் பேசினேன்? காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை, முதுகுவலி, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. “சரி பண்ணத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. நான் சாந்தினியில குடுத்துடறேன். வேலை தெரிஞ்சவன் ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுப்பான்” என்றேன்.

வேலை தெரிஞ்சவன். அந்த வார்த்தைதான். இருபத்திரண்டு வருஷம் டெஸ்டிங் செக்ஷனில் நின்ற மனுஷனிடம்.

ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டார். எல்லாவற்றையும் பூட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

போனவர் சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. சாதத்தை வடித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் ஜன்னலிலேயே நின்றேன். ஏரிப்பக்கம் போய்ப் பார்க்கலாமா, ஸ்டேஷன் பக்கம் போகலாமா? ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் விட்டுப்போகுமே? வந்தார். எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 13

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். விசிறி கிறீச் கிறீச்.

செப்டம்பர் 14, வெள்ளி

அவர் ஏரிக்கரைக்குப் போன நேரம் பார்த்து ஒரு கை ரிக்ஷா பிடித்துப் பெட்டியை ஏற்றினேன். பிறகு டாக்ஸி. தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன முழம் என்ன? அவர் இனிமேல் அதைத் தொடப் போவதில்லை, நிகழ்ச்சியோ வருகிறது, நான் வேறு என்ன செய்ய?

சாந்தினியில் கடைக்காரர் மேஜை மேல் வைத்தார், போட்டார், கடையில் கிடந்த ஒரு கிடாரை ஐந்து நிமிஷம் டொய்ங் டொய்ங் என்று தட்டினார். “தீதி, இதில் ஒரு கோளாறும் இல்லையே. உங்கள் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள்” என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வரும்போது டாக்ஸி கரியாஹாட்டில் மாட்டிக்கொண்டது.

வீட்டு வாசலில் ரிக்ஷாவிலிருந்து பெட்டியை இறக்குகிறேன், இவர் எதிரே வருகிறார். எனக்கு அந்தத் தெரு பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக மாடிக்குத் தூக்கினோம். படிக்கட்டு பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது, “என்ன சொன்னான்?” என்றார்.

“ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டான்.”

“எவ்வளவு நேரம் வாசிச்சுப் பாத்தான்?”

“அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

அப்படியே நின்றார். பெட்டியின் பாரம் முழுக்க என் கையில் இறங்கியது. “நானும் அஞ்சு நிமிஷம்தான் பாத்தேன்” என்றார். “பெட்டியை விட்டு வெளிய எடுத்து வச்சு, காத்தோட்டமா, அஞ்சு நிமிஷம். அது எங்க சூடாகும்? அதுக்குள்ள கரண்ட் வேற போயிடும். நீ மூடின பெட்டியில ஒரு மணி நேரம் வாசிக்கற. அது பொழுதுல இல்ல நீலா, சூட்டுல இருக்கு.”

“முதல்ல தூக்குங்க” என்றேன்.

செப்டம்பர் 17, திங்கள்

விஸ்வகர்மா பூஜை. ஆகாயம் முழுக்கக் காற்றாடி. வருஷா வருஷம் இவர் புது வேட்டி கட்டிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போவார். டெஸ்டிங் செக்ஷனில் மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பொட்டு வைத்து, சாயங்காலம் லட்டுப் பொட்டலத்தோடு வருவார். இந்த வருஷம் பூட்டின கேட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு சிலை வைத்துப் பூஜை செய்கிறார்கள் என்று கோபு வந்து கூப்பிட்டான். “வெளிய நின்னு எதைக் கும்புடறது?” என்று மறுத்துவிட்டார்.

ஆனால் இன்றைக்குக் கருவியைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம். மூன்று நாளாகப் பகலெல்லாம் லோட்ஷெடிங். இன்றைக்குப் பார்த்துக் கரண்ட் நிற்காமல் இருக்கிறது. இவரோ மீட்டரைத் தொடாமல் கூண்டுப் புலி மாதிரி நடக்கிறார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 18

கண்டுபிடித்துவிட்டார்.

காலையில் சாவித்திரி காலேஜுக்குப் போனதும் ஆரம்பித்தோம். சூடு வெளியே போகாமல் இருக்க, திறந்த பெட்டியின் மேல் பழைய அட்டைகளை அடுக்கினார். மீட்டரின் கம்பி முனையைப் பெரிய வால்வின் ஒரு காலில் பிடித்துக்கொண்டு, “வாசி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே” என்றார். வாசித்தேன். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கேயாவின் பாட்டு இரண்டும் தீர்ந்து, கடைசியில் வெறும் தடித்த நரம்பை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். கீழே மாசிமா கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“ஊசி நகருது” என்றார். ரகசியம் போலச் சொன்னார்.

அந்தக் காலில் வோல்டேஜே இருக்கக் கூடாதாம். பக்கத்தில் ஒரு கண்டன்ஸர், சுண்டுவிரல் அளவு கூட இல்லை. அது பாட்டை மட்டும் உள்ளே விட வேண்டும், கரண்டை விடக்கூடாது. வயசாகிவிட்டதால் சூடானதும் கரண்டையும் கசிய விடுகிறது. அந்தக் கசிவில்தான் வால்வு திக்குமுக்காடிக் கரகரக்கிறது. இத்தனையும் எனக்கு விளக்கினார். பாதி புரிந்தது. ஊசி நகர நகரக் கரகரப்பும் கூடவே ஏறினது எனக்கே காதில் கேட்டது. அது புரிந்தது.

“பாத்தியா? பாத்தியா?” என்று சிரித்தார். ஒரு பல் ஓரத்தில் கறுத்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

மத்தியானமே சாந்தினிக்குப் போய்ப் புது கண்டன்ஸர் வாங்கி வந்து வைத்துப் பற்றவைத்தார். சாயங்காலம் கேயா ஒரு மணி நேரம் வாசித்தாள். சுத்தம். இவர் கதவோரத்தில் நின்று கடைசி வரைக்கும் கேட்டார். கேயா வாசித்ததைக் கேட்டதாகத் தோன்றவில்லை, பெட்டியைத்தான் கேட்டார்.

செப்டம்பர் 30, ஞாயிறு

இங்கே நவமி, நமக்குச் சரஸ்வதி பூஜை. மாசிமாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியம்: சரஸ்வதிக்கு மாக மாதம்தானே பூஜை, நீங்கள் துர்க்கை பூஜையில் ஏன் கலக்கிறீர்கள் என்பாள். கிடார், சாவித்திரியின் புத்தகங்கள், பெட்டி, எல்லாம் வைத்து வாழையிலை போட்டேன். இவர் தன் மீட்டரையும் சால்டரிங் கோலையும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். குங்குமத்தைத் தானே வைத்தார்.

வெளியே தாக் மேளம் காதைப் பிளக்கிறது. எனக்குக் கால் வலி. இருந்தாலும் இன்று பரவாயில்லை.

அக்டோபர் 13, சனி

வாசித்தேன்.

மேடை என்றால் மூன்று பெஞ்சு சேர்த்துப் போட்டது. ஜெனரேட்டர் ஒரு பக்கம் தடதடத்தது. நந்தி பாபு சொன்னபடியே “மதராஸி தீதி” என்றார். முதல் பாட்டில் இரண்டு இடத்தில் கட்டை வழுக்கிற்று. அப்புறம் பிடித்துவிட்டது. பெட்டி ஒரு தும்மல் கூடப் போடவில்லை. கடைசிப் பாட்டில் முன் வரிசைக் கிழவர்கள் கூடவே முணுமுணுத்தார்கள். கேயா புது நிச்சயதார்த்த வளையலோடு வந்திருந்தாள்.

இவர் மேடைக்குப் பின்னால் பெட்டியின் பக்கத்திலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒருவர், நல்ல சவுண்டு, எந்தக் கம்பெனி என்று அவரிடம் விசாரித்தாராம். வரும் வழியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அக்டோபர் 16, செவ்வாய்

ஃபாக்டரி திறந்தது.

கோபு நேற்றே ஓடி வந்து சொன்னான். இன்று விடியற்காலையில் எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டை, பை, சாப்பாட்டு டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். நான் பூரி செய்து கொடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் படிக்கட்டில் செருப்புச் சத்தம். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவளுக்கு இன்றைக்கு அது கேட்டிருக்கக் கூடாது.

டெஸ்டிங் செக்ஷனே இனி இல்லையாம். விசிறி எல்லாம் வேறு ஊரில் பூட்டி, அங்கேயே சோதித்து வரப் போகிறதாம். கோபுவை உள்ளே விட்டார்கள். இவரை கேட்டிலேயே நிறுத்தி, கணக்குத் தீர்க்க அடுத்த மாதம் வரச் சொன்னார்களாம். கோபு உள்ளே போகாமல் இவரோடேயே நின்றானாம். “நீ போடா” என்று தள்ளிவிட்டு வந்தாராம்.

டப்பாவைத் திறந்து பூரியை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 18

சுவர்.

அக்டோபர் 20, சனி

தீபாவளி. இங்கே காளி பூஜை. எண்ணெய் தேய்த்துக்கொள்ள எழுந்தார், சாவித்திரி நீட்டின இனிப்பை வாயில் போட்டுக்கொண்டார், மறுபடி படுத்தார். சாவித்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுததாக மாசிமா சொன்னாள்.

அக்டோபர் 23

பலகை மாட்டலாமா என்று நானே கேட்டுப் பார்த்தேன். ரேடியோ ரிப்பேர், அவ்வளவுதானே, அவமானம் என்ன இருக்கிறது?

“எனக்குக் கை வராது நீலா” என்றார். அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் கூடத் தேவலை.

என்னால் முடியவில்லை. பாடம் நடத்தி, தண்ணீர் பிடித்து, சமைத்து, பெண்ணுக்குத் தைரியம் சொல்லி, இவர் ஏரியிலிருந்து வருகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு — என்ன ஜென்மம் இது. நானும் ஒரு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் யார் எழுப்புவார்கள்?

பெட்டி மூலையில் இருக்கிறது. சுத்தமாகப் பாடுகிறது. அதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

அக்டோபர் 26, வெள்ளி

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் கொஞ்சம் வாசித்துக்கொண்டிருந்தேன். இவர் ஏரிக்கரைக்குக் கிளம்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடையில் போகிற இடம் என்று ஒன்று இல்லை. தெருமுனையில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதவர் போல யோசித்தார்.

உள்ளே வந்து பெட்டியை அணைத்தேன். ப்ளக்கைப் பிடுங்கினேன். பின்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், கை வைத்தால் தூக்கிப் போட்டுவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்து கல் பொறுக்கினேன். படி அரிசியையும் பொறுக்கி முடித்துவிட்டு, அவருடைய கம்பிக் குறட்டைக் கையில் எடுத்தேன். கிடார் வயர் சொருகுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு வயர் உண்டு. அதைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். லேசில் வரவில்லை. மனுஷன் நன்றாகத்தான் பற்றவைத்திருக்கிறார். இரண்டு கையாலும் இழுத்ததும் பிய்த்துக்கொண்டு வந்தது. வயர் மேல் குறட்டின் பல் பதிந்துவிட்டது. எனக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் நேர்த்தியாக வராது.

மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். காளை மாதிரி உறுமியது. கிடார் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. அணைத்தேன்.

அவர் வந்ததும், “பெட்டி மறுபடி மக்கர் பண்ணுதுங்க. நாளைக்குப் பாடம் இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. ‘ம்’ என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

அக்டோபர் 27, சனி

காலையில் ஏரிக்குப் போகவில்லை. காப்பி குடித்தார். கொஞ்ச நேரம் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பெட்டியைப் போட்டார். உறுமல் கேட்டதும் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், விசிறி கேட்கிற மாதிரி. அணைத்துவிட்டுப் பின்பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் அடுப்படியில் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அந்தக் கறுப்பு வயரின் முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பி என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று ஒன்றும் ஓடவில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டால்? இதுவும் போனால் என்னிடம் வேறு வழி இல்லை.

“நீலா” என்றார், திரும்பாமலே.

“ம்?”

“ப்ளக்கைப் புடுங்கிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு உள்ள கை வச்சே?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “அரை மணி நேரம் இருக்கும்” என்றேன்.

சால்டரிங் கோல் வைக்கிற டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“அடுத்த தடவை ஒரு மணி நேரம் விடு” என்றார்.

சரிங்க என்றேன்.